‘சண்டே எங்க சர்ச்சுக்கு வர்றியா?’ - கூப்பிடுறவங்களும் போறவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியவை!

“இந்த சண்டே ஃப்ரீயா? எங்க சர்ச்ல யூத் மீட்டிங் இருக்கு. சும்மா வந்து பாரேன்!”

இப்படி ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். அல்லது, நீங்களே இதை டைப் செய்துவிட்டு, ‘தப்பா நினைச்சுப்பாங்களோ’ என்று அனுப்பாமலே அழித்திருக்கலாம். ஒரே வரிதான். ஆனால், அனுப்புகிறவருக்கு ஒரு தயக்கம், வாங்குகிறவருக்கு ஒரு சங்கடம். நடுவில் ஒரு நல்ல நட்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

புவனகிரி மாதிரி ஊர்களில் இந்தத் தயக்கம் இன்னும் கொஞ்சம் அதிகம். வெள்ளாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரை ராகவேந்திரர் பிறந்த ஊர் என்று தேடி வருகிறார்கள் பக்தர்கள். பக்கத்திலேயே நடராஜர் கோயிலோடு சிதம்பரம். இன்னொரு பக்கம் தர்காக்களும் பள்ளிவாசல்களுமாகப் பரங்கிப்பேட்டை. ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால், கடலூர், சிதம்பரம் வழியாக வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களைச் சாலையெங்கும் பார்க்கலாம். ஒரே வகுப்பில், ஒரே ஹாஸ்டல் ரூமில், எல்லா நம்பிக்கைக்காரர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். பிரியாணிக்குக் கூப்பிடுவதிலோ பொங்கலுக்குக் கூப்பிடுவதிலோ யாருக்கும் பிரச்னை இல்லை. பிரார்த்தனைக்குக் கூப்பிடும்போதுதான் ‘இவன் எதுக்குக் கூப்பிடுறான்?’ என்ற கேள்வி எட்டிப் பார்க்கிறது.

நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் கூப்பிடுறாங்க?

சில மதங்களில் நம்பிக்கை என்பது பிறப்போடும் குடும்பத்தோடும் வருவது. அதை அடுத்தவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்காது. கிறிஸ்தவத்தில் அப்படி இல்லை. இயேசு தம் சீடர்களிடம், உலகமெங்கும் போய் மற்றவர்களையும் சீடராக்கச் சொன்னதாக மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரம் முடிகிறது. ‘நற்செய்தி அறிவிப்பது’ என்பது பாஸ்டர்களின் வேலை மட்டுமல்ல, விசுவாசிகள் எல்லோருடைய கடமையும்தான் என்று பெரும்பாலான சபைகள் கற்றுத்தருகின்றன.

ஆக, உங்கள் நண்பர் உங்களைக் கூப்பிடுகிறார் என்றால், உள்நோக்கத்தோடு வலை வீசுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. தனக்குப் பிடித்த, தனக்கு ஆறுதல் தந்த ஒன்றைப் பகிர வேண்டும் என்று நினைக்கிறார். நல்ல படம் பார்த்தால் ‘மச்சி, கண்டிப்பா பாரு’ என்று சொல்வோமே, அந்த மனநிலையும் இதில் இருக்கிறது. ஆனால், படத்தைவிட மதம் ரொம்ப ஆழமான விஷயம். அதில் குடும்பம் இருக்கிறது, சாதி இருக்கிறது, சொந்தக்காரர்களின் பேச்சு இருக்கிறது. அதனால் பகிர்கிற விதம் முக்கியமாகிறது.

சட்டம் என்ன சொல்லுது?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, ஒரு மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் மட்டுமல்ல, பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொது சுகாதாரம், மற்றவர்களின் அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டது இந்த உரிமை.

‘பரப்ப’ என்ற அந்த ஒரு சொல் சும்மா வந்துவிடவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதற்காகப் பெரிய விவாதமே நடந்தது. லோக்நாத் மிஸ்ரா அதை எதிர்த்தார். ‘மதம் என்பது மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான தனிப்பட்ட விஷயம், அதைப் பரப்ப வேண்டியதில்லை’ என்கிற ரீதியில் வாதாடினார் தஜாமுல் உசேன். ‘இந்த உரிமை கிறிஸ்தவர்களுக்கு மட்டுமானதல்ல, எல்லாச் சமூகத்தினருக்கும்தான்’ என்று ஆதரித்தார் தமிழகத்தின் எல்.கிருஷ்ணசாமி பாரதி. டி.டி.கிருஷ்ணமாச்சாரி சொன்னது இன்னும் சுவாரஸ்யம். சுமார் 14 வருடங்கள் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் படித்ததாகவும், யாரும் தன்னை மதம் மாற்ற முயன்றதில்லை என்றும் அவர் சபையில் பதிவு செய்தார். கடைசியில் அந்தச் சொல் நிலைத்தது.

அதற்கு எல்லை போட்டது 1977-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஸ்டெனிஸ்லாஸ் வழக்குத் தீர்ப்பு. ஒருவர் தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம். ஆனால், இன்னொருவரை மதம் மாற்றுவது என்பது அடிப்படை உரிமை ஆகாது என்றது அந்தத் தீர்ப்பு. காரணம், மனச்சாட்சிச் சுதந்திரம் கேட்பவருக்கும் சமமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது நினைவிருக்கலாம். வற்புறுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றினால் 3 ஆண்டுகள் வரை சிறை. பெண்கள், சிறார்கள், பட்டியல் சமூகத்தினர், பழங்குடியினர் விஷயத்தில் 4 ஆண்டுகள் வரை என்றது அது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளுக்குப் பிறகு, கொண்டுவந்த ஜெயலலிதா அரசே அதை வாபஸ் வாங்கியது. உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்களில் இப்போது இப்படியான சட்டங்கள் அமலில் இருக்கின்றன. எனவே, வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளி மாநிலம் போகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று, ஸ்பீக்கர். சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் ஒரு சபைக்கும் நடந்த வழக்கில், 2000-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. இது சர்ச்சுக்கு மட்டுமல்ல, எல்லா வழிபாட்டு இடங்களுக்கும் பொருந்தும்.

300 வருஷத்துக்கு முந்தைய ‘சாட்டிங்’!

சிதம்பரத்திலிருந்து சீர்காழி தாண்டிப் போனால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற 20-களில் இருந்த ஜெர்மன் இளைஞர் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். வந்த வேலை, மதத்தைப் பரப்புவது. ஆனால், அவர் செய்த முதல் வேலை தமிழ் கற்றது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்.

நமக்கு இங்கே முக்கியமானது அவர் செய்த இன்னொரு வேலை. 1712 முதல் 1714 வரை, தமிழர்களிடம் அவர்களுடைய நம்பிக்கை, பழக்கவழக்கம், கிறிஸ்தவம் பற்றிய அபிப்பிராயம் எல்லாவற்றையும் கடிதம் மூலம் கேட்டு வாங்கினார்கள் சீகன்பால்குவும் அவருடைய சகாக்களும். ஏறக்குறைய 100 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் மொழிபெயர்க்கப்பட்டு, ஜெர்மனியில் அச்சாகின. பதில் எழுதியவர்கள் சும்மா தலையாட்டவில்லை. ‘உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், சுத்தமாக இருப்பதில்லை, சொல்வது ஒன்று செய்வது ஒன்றாக இருக்கிறார்கள்’ என்ற தொனியில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். அந்த விமர்சனத்தையும் சேர்த்தேதான் அச்சிட்டார்கள்.

தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூலே எழுதினார் சீகன்பால்கு. ‘அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால், அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாரா?’ என்ற எண்ணத்தில் ஜெர்மனியில் அதை அச்சிடவில்லை. 150 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1867-ல்தான் சென்னையில் அது அச்சானது.

இன்றைய அழைப்புகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் நம்பிக்கையைச் சொல்வதற்கு முன், எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார் என்று உண்மையாகவே கேட்டிருக்கிறீர்களா? அவர் உங்களை விமர்சித்தால் காதுகொடுத்துக் கேட்கத் தயாரா? இரண்டுக்கும் ‘ஆமா’ என்றால், உங்களுக்கிடையில் நடப்பது உரையாடல். இல்லையென்றால், அது வெறும் ஃபார்வர்டு மெசேஜ்தான்.

பரங்கிப்பேட்டை சொல்லும் கதை

புவனகிரிக்கு ரொம்பப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து 1909-ல் மிஷனரியாக இந்தியா வந்தவர் அன்னி மேரி பீட்டர்சன். காந்தியால் ஈர்க்கப்பட்டு, மிஷன் அமைப்பிலிருந்து விலகி, பரங்கிப்பேட்டையில் பெண்களுக்காக ‘சேவா மந்திர்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். 1921-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி.

இதில் கவனிக்க வேண்டியது, காந்திக்கு மதமாற்றப் பிரசாரத்தில் கடைசி வரை உடன்பாடு இல்லை. ரோஜாவுக்குப் பிரசங்கம் தேவையில்லை, வாசமே போதும் என்ற அர்த்தத்தில் அவர் மிஷனரிகளிடம் பேசியிருக்கிறார். பீட்டர்சனோ தன் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைத்துக்கொண்டவர் அல்ல. ஆனாலும், இருவராலும் ஒரே பள்ளிக்காகக் கைகோக்க முடிந்தது. 1951-ல் இறக்கும்வரை பீட்டர்சனின் வாழ்க்கை அந்தப் பள்ளியோடு பிணைந்தே இருந்தது. ‘என் நம்பிக்கை இது’ என்று வெளிப்படையாக இருப்பதும், மாற்று நம்பிக்கை உள்ளவரோடு ஒன்றாக வேலை பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு நம்ம ஊர் சாட்சி இது.

கூப்பிட்ட இடத்துல சமமா உட்கார முடியுமா?

இது பலரும் பேசத் தயங்கும் விஷயம். ‘எங்க சர்ச்ல எல்லாரும் சமம்’ என்று கூப்பிடுகிறோம். உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா?

1860-களின் தொடக்கத்தில், பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக மிஷன் ஆரம்பித்தார் கார்ல் ஓக்ஸ். அதற்கு முன் அவர் லைப்சிக் லுத்தரன் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதியை அனுமதிப்பதா, கூடாதா என்ற சண்டையில்தான் பிரிந்து வந்தார். அவர் தொடங்கியது பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்து, இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேராக இருக்கிறது.

பிரச்னை 19-ம் நூற்றாண்டோடு முடிந்துவிடவும் இல்லை. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டம் இறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மதம், ஒரே பங்கு.

எனவே, ஒருவரை அழைப்பதற்கு முன் உங்கள் சபையை நீங்களே ஒருமுறை உற்றுப் பாருங்கள். யார் முன்னால் உட்காருகிறார்கள், கமிட்டியில் யார் இருக்கிறார்கள், கல்லறைத் தோட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானா? வருகிறவர் இதையெல்லாம் கவனிப்பார்.

சாதிச் சான்றிதழுக்குப் பிரச்னை வருமா?

கடலூர் மாவட்ட மக்களில், 2011 கணக்கெடுப்பின்படி, பத்தில் கிட்டத்தட்ட மூன்று பேர் பட்டியல் சமூகத்தினர். அதனால், இந்தக் கேள்வி இங்கே ரொம்ப முக்கியம்.

1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, அந்த அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களாகவோ முஸ்லிம்களாகவோ மாறியவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். படிப்பு, வேலை, ஸ்காலர்ஷிப், தேர்தலில் தனித்தொகுதியில் நிற்பது என்று பலவற்றை இது பாதிக்கும்.

சரி, ஒரு நாள் சர்ச்சுக்குப் போனாலே சான்றிதழ் போய்விடுமா? இல்லை. வீட்டில் சிலுவை மாட்டியிருப்பதாலோ, கணவரோடு சர்ச்சுக்குப் போவதாலோ மட்டும் ஒருவர் தன் மதத்தைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது என்று 2021-ல் ஒரு வழக்கில் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆனால், ஞானஸ்நானம் பெற்று, தொடர்ந்து கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே, வேலைக்காக மட்டும் ‘நான் இந்து’ என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு வழக்கில் சொன்னது உச்ச நீதிமன்றம்.

இந்த ஆணையே பாரபட்சமானது, மதம் மாறினாலும் சாதிக்கொடுமை மாறுவதில்லை என்ற வாதம் பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் இருக்கிறது. அது தனிக்கதை. இப்போதைக்கு நடைமுறை இதுதான். ஞானஸ்நானம் வரை ஒருவரை அழைத்துப் போகிறவர், இதன் விளைவுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு ‘முதல்ல வா, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது நேர்மையான அழைப்பு ஆகாது.

எப்படிக் கூப்பிடலாம்?

இந்த விஷயத்தில் திருச்சபைகளே எல்லை போட்டிருக்கின்றன. குறிப்பாக ஏழைகள், படிக்காதவர்களிடம் வற்புறுத்தலோ கண்ணியமற்ற வழிகளோ கூடாது என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 2011-ல் வத்திக்கான், உலகத் திருச்சபைகள் மன்றம், உலக நற்செய்திக் கூட்டணி மூன்றும் சேர்ந்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. பணம், பரிசு காட்டி இழுப்பதைக் கைவிட வேண்டும், பிற மதத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது, ஒருவர் முடிவெடுக்கப் போதிய அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. இதையெல்லாம் நம்ம பாஷையில் சொன்னால்...

* முழுசா சொல்லிக் கூப்பிடுங்க: ‘மியூசிக் புரோகிராம்’ என்று அழைத்துப்போய் ஞானஸ்நான வகுப்பில் உட்காரவைக்காதீர்கள். ஜெபக் கூட்டம் என்றால் ஜெபக் கூட்டம் என்றே சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

* ஒரு தடவை போதும்: ‘வரலை’ என்றால் விட்டுவிடுங்கள். வாராவாரம் கேட்டால் அது அழைப்பு இல்லை, நச்சரிப்பு.

* உதவியையும் அழைப்பையும் முடிச்சுப் போடாதீங்க: ஃபீஸ் கட்ட உதவி செய்கிறீர்களா, செய்யுங்கள். அடுத்த வாரமே சர்ச்சுக்குக் கூப்பிட்டால், ‘வரமாட்டேன்’ என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருக்காது.

* உடம்பு முடியாதவங்ககிட்ட ரெண்டு மடங்கு கவனம்: ‘உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?’ என்று கேட்கலாம். ‘மாத்திரையை நிறுத்து’ என்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது.

* உங்க கைக்குக் கீழே இருப்பவங்களா? ஆசிரியர் மாணவரையும், மேனேஜர் ஊழியரையும் கூப்பிடும்போது, அவர்களால் மறுக்க முடிகிறதா என்று யோசியுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடம் முதலில் கேளுங்கள்.

* அடுத்தவர் சாமியைத் திட்டாதீங்க: மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவின்கீழ் குற்றம். சட்டம் இருக்கட்டும், அப்படிப் பேசிய பிறகு அந்த நட்பு மிஞ்சுமா?

சரி, போகலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?

முதல் முறை போகிறவர்களுக்குப் பெரிய பயம், ‘என்ன செய்யணும்னு தெரியாதே’ என்பதுதான். கத்தோலிக்கக் கோயில் என்றால் திருப்பலி. சி.எஸ்.ஐ, லுத்தரன் ஆலயங்களில் ஆராதனை முறை புத்தகமாகவே இருக்கும். பெந்தெகொஸ்தே சபைகளில் கைதட்டல், சத்தமான ஜெபம், அந்நிய பாஷை எல்லாம் இருக்கலாம், பயப்பட வேண்டாம். நிறைய இடங்களில் செருப்பை வெளியே விட வேண்டும். ஆண்கள், பெண்கள் தனித்தனியாக உட்காரும் வழக்கமும் உண்டு. எல்லோரும் எழும்போது எழுந்தால் போதும். முழங்கால்படியிடக் கட்டாயம் இல்லை.

நற்கருணை, அதாவது அப்பமும் ரசமும் தரும் நேரத்தில் நீங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அது திருமுழுக்குப் பெற்ற விசுவாசிகளுக்கானது. பிரசாதம் மாதிரி நினைத்து வரிசையில் நின்றுவிட வேண்டாம். காணிக்கைப் பை வந்தால், போடாமல் அடுத்தவரிடம் நகர்த்தலாம். ‘புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க’ என்று சில சபைகளில் சொல்வார்கள். கூச்சமாக இருந்தால், கூட்டிப் போகும் நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போன் நம்பர், முகவரி எழுதித் தரச் சொன்னால், விருப்பம் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

‘வேண்டாம்’னு எப்படிச் சொல்றது?

சுற்றி வளைத்து ‘எக்ஸாம் இருக்கு, ஊருக்குப் போறேன்’ என்று சொன்னால், அடுத்த வாரமும் அழைப்பு வரும். ‘கூப்பிட்டதுக்கு தேங்க்ஸ்டா. எனக்கு இதுல விருப்பம் இல்லை. ஆனா கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கண்டிப்பா வருவேன்’ - இவ்வளவு போதும். அதையும் தாண்டி வற்புறுத்தினால், ‘இதைப் பத்தி இனிமே பேச வேண்டாம்’ என்று நேராகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அரசியலமைப்பு தரும் மனச்சாட்சிச் சுதந்திரம் அதுதான். அதேபோல, ஒருவர் ஒருமுறை அன்பாகக் கூப்பிட்டதற்காக அவரைக் கேலி செய்வதும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டு ‘மதமாற்றக் கும்பல்’ என்று முத்திரை குத்துவதும் நியாயம் இல்லை. பேசும் உரிமை அவருக்கும் இருக்கிறது.

கூப்பிட நினைக்கிறவர்கள், அனுப்புவதற்கு முன் ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ‘இவன் வரமாட்டேன்னு சொன்னாலும், திங்கட்கிழமை காலேஜ் கேன்டீன்ல இவன் பக்கத்துலதான் உட்காருவேனா?’ பதில் ‘ஆமா’ என்றால், அந்த மெசேஜை தாராளமாக அனுப்பலாம்.